ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி: புட்டியில் தேறியது மந்தையிலும் தேறும் என்று எதை வைத்துச் சொல்வது?

வித்துக்கணக்கு (#1)

கால்நடைக்குப் போடும் ஸ்டெர்ன் 34எஃப்2 உயிர்வித்துத் தடுப்பூசியை (வலுக்குறைந்த ஆந்த்ராக்ஸ் கிருமியின் உயிருள்ள வித்துகள் கொண்டது) பற்றி இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சான்றிதழில் "10 கினிப்பன்றியில் 10-ம் பிழைத்தன" (ஊசி போட்டபின் கொடிய கிருமியைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) என்றிருப்பதைப் பார்த்து "100 சதவீதப் பாதுகாப்பு" என்கிறார்கள் சிலர். ஊசி போட்ட மந்தையில் நாலு மாடு செத்ததும் "ஊசியில் ஒன்றுமில்லை" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சுக்கும் அடிப்படையில்லை என்பது என் எண்ணம். வீரியச் சோதனை, ரத்தச் சோதனை, களச் சோதனை ஆகிய மூன்றில் எது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? எண்களோடு பேசலாம். கொடிய வகைக் கிருமியைக் கையாளும் ஆய்வக முறைகள் இந்த இழைக்கு வேண்டாம்.

தட்டும்பிப்பெட்டும் (#2)

முதலில் ஒரு திருத்தம். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் கையேட்டுப்படி கினிப்பன்றிச் சோதனை விதைத் தொகுதிக்கானது, அதாவது எல்லாப் பேட்சுக்கும் மூலமான கிருமி இருப்புக்கு. அந்த விதையிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் வீரியம் என்பது உயிருள்ள வித்துகளின் எண்ணிக்கைதான். மாடு, எருமை, குதிரைக்கு ஒரு டோஸில் 20 லட்சம் முதல் 1 கோடி, ஆடு, பன்றிக்கு 10 முதல் 50 லட்சம். பேட்ச்தோறும் விலங்குச் சோதனை கேட்கும் நாடுகளும் உண்டு, அது வேறு. ஆகவே உங்கள் கையில் இருக்கும் புட்டியின் காகிதம் "இதில் இத்தனை வித்து முளைக்கிறது" என்று மட்டுமே உறுதி சொல்கிறது.

அந்த எண்ணிக்கையிலேயே தவறு நுழைய இடம் உண்டு. ஊடகம் 50 சதவீத கிளிசரின் கலந்த உப்புக்கரைசல், கூடவே எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் சபோனின் 0.5 சதவீதம். கிளிசரின் நீரைவிடப் பல மடங்கு கெட்டி. சாதாரண வேகத்தில் பிப்பெட்டை இழுத்தால் 1 மி.லி. முழுதாக ஏறாது, ஏறியதும் முழுதாக இறங்காமல் முனைக்குள் ஒட்டிக்கொள்ளும். அகல முனை போட்டு மெதுவாக இழுத்து, முனையை நீர்க்கும் கரைசலிலேயே மூன்று நாலு முறை அலச வேண்டும். முதல் நீர்த்தலைத் தராசில் எடை போட்டுச் செய்வது இன்னும் நல்லது. சபோனின் நுரைக்கும், வேகமாகக் குலுக்கினால் பிப்பெட்டில் காற்று ஏறும். தலைகீழாக்கித் தலைகீழாக்கிக் கலக்குங்கள்.

ஒரு கணக்கு: பத்தாயிரத்தில் ஒன்றாக நீர்த்ததிலிருந்து 0.1 மி.லி. வீதம் 5 தட்டு, மொத்தம் 320 காலனி (வித்து முளைத்துத் தட்டில் தெரியும் புள்ளி). சராசரி 64. 64 × 10 × 10,000 = மி.லி.க்கு 64 லட்சம். 320-க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 18, அதன் இரு மடங்கு 36, அதாவது எண்ணுவதில் மட்டும் 11 சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். நீர்த்தலில் வரும் பிழை அதற்கு மேல். "64,13,000" என்று ஏழு இலக்கத்தில் எழுதும் அறிக்கையைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒட்டிக்கொண்ட நாலு வித்தும் ஒரே காலனியாகத்தான் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. கட்டி கட்டியாக இருந்தால் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரும்.

மந்தைப்புள்ளி (#3)

10-க்கு 10 பற்றி. பத்து விலங்கில் சாவே இல்லை என்றால், உண்மையான சாவு விகிதம் 26 சதவீதம்வரை இருந்தாலும் அப்படி ஒரு முடிவு தற்செயலாக வரலாம் (0.74-ஐப் பத்துமுறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.05). 30-இல் சாவில்லை என்றால் அந்த மேல்வரம்பு 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 5 சதவீதத்துக்குக் கொண்டுவர 59 விலங்கு வேண்டும், அதில் ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஆக, 10-க்கு 10 என்பதை "நூறு சதவீதம்" என்று படிக்க வழியில்லை.

ஆனால் அந்தச் சோதனை வீணுமில்லை. ஊசி போட்ட 10-ம் பிழைத்து, போடாத 3-ம் செத்தால், அது தற்செயலாக நடக்க 286-இல் ஒரு வாய்ப்புத்தான். "இந்த விதை வேலை செய்கிறதா" என்ற கேள்விக்கு அது உறுதியான பதில். "எவ்வளவு காக்கும்" என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

பழையஏடு (#4)

இந்த வடிவத்துக்கு மூலம் லூயி பாஸ்டர் 1881 மே மாதம் பிரான்ஸின் பூயி-லெ-ஃபோரில் எல்லார் கண்முன்னும் நடத்திய சோதனை. ஊசி போட்டவை 24 செம்மறி, 1 வெள்ளாடு, 6 மாடு. போடாதவை 24 செம்மறி, 1 வெள்ளாடு, 4 மாடு. மே 5, 17 இரண்டு நாளும் ஊசி, 31-இல் எல்லாவற்றுக்கும் கொடிய கிருமி, ஜூன் 2-இல் கூட்டம் கூடிப் பார்த்தது. போடாத ஆடுகள் செத்துக் கிடந்தன அல்லது சாகும் நிலையில் இருந்தன. போடாத மாடு நாலும் காய்ச்சல், வீக்கத்தோடு பிழைத்துக்கொண்டன. இதைப் பலர் கவனிப்பதில்லை. மாட்டை மட்டும் வைத்துச் சாவை எண்ணியிருந்தால் அன்று ஊசிக்கும் ஊசியின்மைக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. எந்த இனத்தில் சோதிக்கிறோம், எந்த முடிவை எண்ணுகிறோம் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அங்கே போட்டது காற்றில் வலுவிழக்கச் செய்த பாஸ்டரின் சொந்த ஊசி அல்ல, பொட்டாசியம் டைகுரோமேட்டால் வலுக்குறைத்தது. ஆய்வேடுகள் வெளிவந்த பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது.

சீரம்பெட்டி (#5)

ரத்தச் சோதனைக்கு வருகிறேன், அதிகம் குழப்பப்படுவது அதுதான்.

ஸ்டெர்ன் வகையில் பிஎக்ஸ்ஓ-1 பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கும் மரபணு வளையம்) உண்டு, பிஎக்ஸ்ஓ-2 கிடையாது. அதாவது நச்சு உண்டாக்கும், உறை உண்டாக்காது. நச்சின் மூன்று பாகங்களில் பாதுகாப்புக்கு முதன்மையானது பிஏ எனும் பாதுகாப்பு ஆன்டிஜன். எலைசா, பிஏ-வை ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி எவ்வளவு என்று பார்க்கும். நச்சை முறிக்கும் சோதனை, அந்த ஆன்டிபாடி உண்மையிலேயே நச்சைத் தடுக்கிறதா என்று பார்க்கும். ஜே774 எலி மேக்ரோபேஜ் செல்களில் நச்சும் சீரமும் சேர்த்து ஊற்றி, உயிரோடிருக்கும் செல்லை எம்டிடி சாயத்தால் அளப்பது. இதில் இரண்டாம்நிலை ஆன்டிபாடி (அந்தந்த இனத்தின் ஆன்டிபாடியைப் பிடிப்பது) தேவையில்லை என்பதால் மாடு, ஆடு, குதிரை எதன் சீரத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். எலைசாவில் ஒவ்வொரு இனத்துக்கும் தனி கான்ஜுகேட், அதாவது நொதி இணைத்த இரண்டாம்நிலை ஆன்டிபாடி, வேண்டும். மாட்டின் எண்ணையும் ஆட்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

நடைமுறையில் தப்புவது எங்கே? ஊசிக்கு முன் பூஜ்ய நாள் சீரம் எடுக்காமல் விடுவது முதல் தப்பு. நோய் வழக்கமாக வரும் பகுதியில் ஊசியே காணாத மாட்டிலும் ஆன்டிபாடி இருக்கலாம். அதே பகுதி விலங்குகளை "நெகட்டிவ்" என்று வைத்துச் சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் கூட்டி எல்லை வகுத்தால், எல்லை உயர்ந்துபோய் பாதி மந்தை "பலனில்லை" என்று வரும். நெகட்டிவ் சீரம் நோயில்லாத பகுதியிலிருந்து வர வேண்டும்.

இரண்டாவது, சராசரி. நாலு மாட்டின் டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற எண்) 50, 100, 100, 1600 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் 462. மந்தையே வலுவாக இருப்பதுபோல் தோன்றும். பெருக்குச் சராசரி (நாலையும் பெருக்கி நாலாம் மூலம்) 168. மூன்று மாடு அடிமட்டத்தில் கிடக்கிறது என்பது இதில்தான் தெரியும். ஒவ்வொரு மாட்டுக்கும் முன்-பின் எத்தனை மடங்கு என்று பாருங்கள், நாலு மடங்குக்குக் கீழே உயர்ந்தவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

மூன்றாவது, சீரத்தின் தரம். வெயிலில் வைத்துச் சிவந்துபோன சீரம் செல் சோதனையைக் கெடுக்கும். 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே செல்லில் ஊற்ற வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: "இந்த டைட்டருக்கு மேல் மாடு சாகாது" என்று எல்லாரும் ஏற்ற எல்லைக்கோடு கிடையாது. உயிர் ஊசி தரும் பாதுகாப்பு முழுவதும் பிஏ ஆன்டிபாடி வழியாக மட்டும் வருவதுமில்லை.

வித்துக்கணக்கு (#6)

அப்படியானால் எலைசாவை வைத்து என்னதான் முடிவு செய்வது?

சீரம்பெட்டி (#7)

ஒப்பிடலாம். ஒரு டோஸா இரண்டு டோஸா, இந்தப் பேட்சா அந்தப் பேட்சா, ஆறாம் மாதத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஊசி உண்மையில் உடலுக்குள் போனதா என்பதற்கெல்லாம் அருமையான கருவி. கடைசிக் கேள்வி சிறியதில்லை. தோல் மடிப்பைத் தூக்கிக் குத்தும்போது மறுபுறம் வெளியேறி ரோமத்தில் வழிந்த டோஸ் பதிவேட்டில் "போடப்பட்டது" என்றே இருக்கும். 21 முதல் 28 நாளில் எடுத்த சீரத்தில் துளியும் அசையாத மாடுகள் அடுத்தடுத்த காதணி எண்களில் கொத்தாக வந்தால், ஊசியைக் குறை சொல்வதற்குமுன் அந்தக் கொத்துக்கு ஊசி போட்ட கையைப் பாருங்கள்.

கொட்டில் (#8)

புட்டியையும் பாருங்கள். குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் நின்ற புட்டியில் வித்து அடியில் படிந்திருக்கும். கலக்காமல் இழுத்தால் முதலில் நிற்கும் மாடுகளுக்குக் கிளிசரின், கடைசி மாடுகளுக்கு வித்துக் கொத்து. முதல் வரிசையில் டைட்டர் இல்லை, கடைசி வரிசையில் பெரிய வீக்கம் என்றால் காரணம் இதுதான். சிரிஞ்சை நிரப்பும் ஒவ்வொரு தடவையும் புட்டியைக் கவிழ்த்துக் கலக்க வேண்டும்.

அடுத்து ஆன்டிபயாடிக். இது உயிர் ஊசி, வித்து உள்ளே முளைத்துக் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு வரும். பென்சிலின் போட்ட மாட்டுக்கு அதே நாளில் ஊசி போடுவது ஊசியைச் சாக்கடையில் ஊற்றுவது மாதிரி. நோய் வெடித்த மந்தையில் இது தினம் நடக்கிறது: காய்ச்சலுள்ள மாட்டுக்குப் பென்சிலின், கூட்டத்தோடு கூட்டமாக ஊசி. அவற்றுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் போட வேண்டும். களச் சோதனையில் இந்த மாடுகளை "ஊசி போட்டவை" கணக்கில் சேர்த்தால் எண் விழும்.

ஆல்கஹால் பஞ்சால் துடைத்து ஊசிமுனை சுத்தம் என்று நினைப்பவர்களுக்கு: வித்து ஆல்கஹாலுக்குச் சாகாது. மிச்சப் புட்டி, சிரிஞ்ச் எல்லாம் ஆட்டோகிளேவ் அல்லது எரிப்பு. கையில் குத்திக்கொண்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போய் "உயிர் ஆந்த்ராக்ஸ் ஊசி" என்று சொல்லுங்கள்.

மந்தைப்புள்ளி (#9)

களச் சோதனை. இந்த நோய் அரிதாக வருவதுதான் பெரிய தடை. ஊசி போடாத மந்தையில் ஆண்டுக்கு 200-இல் ஒன்று சாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 மாட்டில் 10 சாவு. 80 சதவீதம் காக்கும் ஊசி என்றால் போட்ட 2000-இல் 2 சாவு. 4000 மாட்டை ஓராண்டு பின்தொடர்ந்து கையில் கிடைப்பது 12 சம்பவம்.

அதுவும் மாடுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கொண்டால்தான். ஒரே மேய்ச்சல், ஒரே குழி, ஒரே தீவனம் என்பதால் சாவு மந்தை மந்தையாக விழும். சராசரி 20 மாடுள்ள மந்தை, உள்தொடர்பு (ஒரே மந்தை மாடுகளின் கதி எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 0.1 என்றால் பெருக்க வேண்டியது 1 + 19 × 0.1 = 2.9. ஒரு பக்கத்துக்கு 2000 என்பது 5800 ஆகிவிடும். இதைச் செய்யாமல் மூன்று மந்தைக்குப் போட்டு, மூன்று மந்தையை விட்டுவிட்டு "சாவில்லை, ஆகவே ஊசி காத்தது" என்று எழுதியவற்றை நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த மூன்று மேய்ச்சலில் அந்த ஆண்டு மண்ணிலுள்ள வித்து மேலெழும்பவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

நோய் தெரிந்த இடத்தில் ஊசி மறுத்து ஒரு பகுதியை வைத்திருப்பது நியாயமுமில்லை. அதனால் ஒரு டோஸ் எதிர் இரண்டு டோஸ் என்று ஒப்பிடலாம், அல்லது நோயுற்றவை-நோயற்றவை ஒப்பீடு. உதாரணம்: உறுதியான நோய் 24, அதில் ஊசி போட்டவை 6, போடாதவை 18. அதே மந்தைகளிலிருந்து நோயில்லாத 72, போட்டவை 48, போடாதவை 24. (6÷18) ÷ (48÷24) = 0.167. பலன் 83 சதவீதம்.

வித்துக்கணக்கு (#10)

"செத்ததில் பாதி ஊசி போட்டவை, அப்புறம் என்ன ஊசி" என்ற வாதத்துக்கு?

மந்தைப்புள்ளி (#11)

1000 மாடு, 900-க்கு ஊசி. செத்தது 10, அதில் 5 போட்டவை, 5 போடாதவை. போட்டதில் 900-க்கு 5, அதாவது 0.56 சதவீதம். போடாததில் 100-க்கு 5, அதாவது 5 சதவீதம். பலன் 89 சதவீதம். ஊசிப் பரவல் கூடக் கூடச் செத்தவற்றில் ஊசி போட்டவற்றின் பங்கும் கூடத்தான் செய்யும். எல்லா மாட்டுக்கும் போட்டுவிட்டால் செத்தது எல்லாமே ஊசி போட்டதாகத்தான் இருக்கும்!

கருநீலச்சாயம் (#12)

அந்த 10-ம் ஆந்த்ராக்ஸ்தானா என்று முதலில் கேளுங்கள். "திடீர்ச் சாவு" என்பதையே நோய் என்று எண்ணினால் என்ன ஆகும்: போடாத 1000-இல் ஆந்த்ராக்ஸ் 10, மின்னல், நச்சுச்செடி, சப்பை நோய் என்று வேறு 10. போட்ட 1000-இல் ஆந்த்ராக்ஸ் 1, வேறு அதே 10. உண்மைப் பலன் 90 சதவீதம். அறிக்கையில் 11 எதிர் 20, அதாவது 45 சதவீதம். ஊசி அப்படியே இருக்கிறது, எண் பாதியாகிவிட்டது.

உறுதி செய்ய: பிணத்தை அறுக்காதீர்கள். காதின் ரத்தக்குழாயில் ஒரு துளி ரத்தம், மெல்லிய பூச்சு, பாலிகுரோம் மெத்திலீன் நீலம். சதுர முனையுள்ள நீலக் கோல்கள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. புதுச்சாயத்தில் இந்த இளஞ்சிவப்பு சரியாக வராது, நாள்பட்டுப் பழுத்த சாயம்தான் வேண்டும். செத்து ஒன்றிரண்டு நாள் ஆன பிணத்தில் அழுகல் கிருமிகள் மூடிவிடும். சாகும்முன் பென்சிலின் வாங்கிய மாட்டிலும் பூச்சு வெறுமையாக வரலாம். இரண்டையும் "ஆந்த்ராக்ஸ் இல்லை" என்று எழுதாமல் "தெரியவில்லை" என்று தனிக் கட்டத்தில் போடுங்கள்.

ஊசி போட்ட மாடு செத்து ரத்தத்தில் கிருமி கிடைத்தால், ஊசிக் கிருமியா களக் கிருமியா என்ற கேள்வி எழும். ஸ்டெர்னுக்கு உறையில்லை, பூச்சில் உறை தெரிந்தாலோ பிசிஆர் எனும் மரபணுச் சோதனையில் பிஎக்ஸ்ஓ-2 வந்தாலோ அது களக் கிருமி. இந்த விதியை எல்லா ஊசிக்கும் நீட்டக் கூடாது. இத்தாலியில் பயன்பட்ட கார்போசாப் வகையில் இரண்டு பிளாஸ்மிடும் உண்டு. அங்கே பிஎக்ஸ்ஓ-2 இருப்பது எதையும் நிரூபிக்காது, மரபணு வகைப்படுத்தல் வரை போக வேண்டும்.

கொட்டில் (#13)

இன்னொரு இடறல், நம் மொழியிலேயே இருக்கிறது. ஆந்த்ராக்ஸ் "அடைப்பான்". ஹெமரேஜிக் செப்டிசீமியா "தொண்டை அடைப்பான்". பதிவேட்டில் வெறுமனே "அடைப்பான் ஊசி" என்றிருந்தால் அது எந்த ஊசி? மாடு வைத்திருப்பவரிடம் கேட்டாலும் "அடைப்பானுக்குப் போட்டாச்சு" என்பார். தொண்டை அடைப்பான் ஊசி வாங்கிய மாடு ஆந்த்ராக்ஸில் செத்தால் அது ஊசித் தோல்வி ஆகாது. பேட்ச் எண், புட்டிப் பெயர் இரண்டும் இல்லாத பதிவை "ஊசி நிலை தெரியாது" என்றே வையுங்கள்.

மந்தைப்புள்ளி (#14)

சரியான இடம். நாள் கணக்கும் அப்படித்தான். ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும்வரை எதிர்ப்பு போதாது. வெடிப்பின் நடுவே போட்டு மூன்றாம் நாள் செத்ததைத் தோல்வி என்று எண்ணினால் ஊசிக்கு அநியாயம். முதல் 14 நாளை ஊசி போட்டவற்றில் மட்டும் கழித்துவிட்டு, போடாதவற்றில் அதே நாட்களின் சாவை எண்ணினால் ஊசிக்கு அநியாயச் சலுகை. வெடிப்பு உச்சத்தில் இருப்பதே அந்த நாட்கள்தான். கழித்தால் இரு பக்கமும் அதே தேதிகளைக் கழிக்க வேண்டும். இதே காரணத்தால் "ஊசி போட்டதும் சாவு நின்றது" என்பதற்கும் மதிப்பு குறைவு. மேய்ச்சலை மாற்றியதும் பிணங்களை அகற்றியதும் பெரும்பாலும் அதே வாரத்தில்தான் நடந்திருக்கும்.

சீரம்பெட்டி (#15)

வெள்ளாட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். சபோனினும் வித்தும் சேர்ந்து வெள்ளாட்டில் பெரிய வீக்கம் தரலாம், சிலசமயம் சாவும் உண்டு. அதனால் பயந்து டோஸைப் பாதியாக்குகிறார்கள், பிறகு டைட்டர் வரவில்லை என்கிறார்கள். செம்மறியில் பார்த்த முடிவை வெள்ளாட்டுக்கு எழுதக் கூடாது. குறைந்தது 15, 20 வெள்ளாட்டில் முதல் டோஸுக்குப் பின் ஒருமுறை, இரண்டாம் டோஸுக்குப் பின் ஒருமுறை நச்சுமுறிப்பு அளந்து, வீக்கத்தின் விட்டத்தையும் 10 நாள் தினமும் அளந்து எழுதினால் பயனுள்ள தகவல் கிடைக்கும்.

கினிப்பன்றியிலும் ஒரு வில்லங்கம்: உயிர்வித்து ஊசி அதை நன்றாகக் காக்கும், பிஏ மட்டும் உள்ள ஊசி அதை அவ்வளவாகக் காக்காது, அதே பிஏ ஊசி முயலை நன்றாகக் காக்கும். புது பிஏ ஊசியை ஸ்டெர்னுக்கு எதிரே கினிப்பன்றியில் நிறுத்தினால் பந்தயம் தொடங்கும்முன்பே முடிவு தெரிந்துவிடும். பிஏ ஊசிக்கு இன்னொரு பக்கம் லாபம் உண்டு. ஆன்டிபயாடிக்கோடு போடலாம், நச்சின் எல்எஃப் பாகத்துக்கான ஆன்டிபாடி இருந்தால் அது ஊசியால் வந்ததல்ல, நோயால் வந்தது என்று பிரித்தும் சொல்லலாம். ஸ்டெர்னில் அது முடியாது, மூன்று பாகமும் அதுவே உண்டாக்கும்.

வித்துக்கணக்கு (#16)

ஆயிரக்கணக்கில் மாடு இல்லை, உயர்பாதுகாப்பு விலங்குக்கூடமும் இல்லை, 30 மாடும் ஒரு சாதாரண ஆய்வகமும்தான் என்றால்?

சீரம்பெட்டி (#17)

முதல் முறை ஊசி வாங்கும் 30 மாடு, எல்லாவற்றுக்கும் காதணி, இரண்டு வாரமாக ஆன்டிபயாடிக் வாங்காதவை. நோய்ப் பருவத்துக்கு 4 வாரமாவது முன்னால் தொடங்குங்கள். பூஜ்ய நாள் சீரம் எடுத்த பிறகு ஊசி. சீட்டுக் குலுக்கி 15-க்கு ஒரு டோஸ், 15-க்கு நாலாம் வாரம் இரண்டாவது டோஸ். சீரம் 28-ஆம் நாள் (இரண்டாம் டோஸுக்கு முன்), 56-ஆம் நாள், 6 மாதம், 12 மாதம். ஒவ்வொரு சீரத்தையும் இரண்டு குழாயாகப் பிரித்து உறையவைத்து, ஒவ்வொரு மாட்டின் எல்லா நாள் சீரத்தையும் கடைசியில் ஒரே தட்டில், ஒரே நாளில் ஓட்டுங்கள். நாளுக்கு நாள் தட்டு மாறினால் நீங்கள் அளப்பது மாட்டை அல்ல, தட்டை. ஓட்டுபவருக்கு எந்த மாடு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. எலைசா மட்டும் உங்களிடம் இருந்தால் கால்பங்கு சீரத்தையாவது நச்சுமுறிப்புச் சோதனை உள்ள இடத்துக்கு அனுப்பி ஒத்துப்பாருங்கள்.

தட்டும்பிப்பெட்டும் (#18)

ஊசி போட்ட புட்டியிலிருந்தே அன்று மாலை ஒருமுறையும், திறக்காத புட்டியை 12-ஆம் மாதத்தில் ஒருமுறையும் எண்ணிக்கை எடுங்கள். களத்துக்குப் போய்த் திரும்பிய புட்டியில் மிச்சமிருக்கும் 5 மி.லி. போதும். சான்றிதழில் 64 லட்சம், மாலையில் 9 லட்சம் என்றால் அந்த 30 மாட்டின் சீரத்தை ஓட்டும்முன் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், நீர்த்தலையும் இன்னொருவர் கையால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.